பஸ் எங்கே என்று தெரிந்துவிட்டது, எப்போது வரும்?

நிறுத்தத்தில் நிற்பவரின் கைபேசித் திரையில் "4 நிமிடம்" என்று ஓர் எண் தெரிகிறது. அந்த எண் உண்மையாக இருக்க வேண்டுமானால் மூன்று கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைத்திருக்க வேண்டும். வண்டி இப்போது எங்கே இருக்கிறது? அது எந்த ரூட்டில், எந்த நடையை (டிரிப்பை) ஓட்டிக்கொண்டிருக்கிறது? அங்கிருந்து இந்த நிறுத்தத்துக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும்? ஜிபிஎஸ் பதில் சொல்வது முதல் கேள்விக்கு மட்டும்தான். பஸ்களை நேரலையில் கண்காணிக்கும் திட்டங்களில் பேச்சும் பணமும் விளம்பரமும் அந்த முதல் கேள்வியைச் சுற்றியே போகின்றன. பயணி ஏமாறுவதோ பெரும்பாலும் மற்ற இரண்டில்தான்.

எளிதான பகுதியை முதலில் பார்த்துவிடலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் "இப்போது நேரம் இது, நான் இருக்கும் இடம் இது" என்று ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சிக்னல் தரைக்கு வர ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு போல ஆகிறது. வர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஆனால் பஸ்ஸில் இருக்கும் கருவியின் கடிகாரம் மலிவானது. அதில் மைக்ரோ விநாடி ஒன்று பிசகினாலே இடம் 300 மீட்டர் தள்ளிப் போய்விடும். அந்தப் பிசகையும் கண்டுபிடிக்க நான்காவது செயற்கைக்கோள் தேவைப்படுகிறது. கருவி செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை, கேட்க மட்டுமே செய்கிறது. எனவே "பஸ்ஸைச் செயற்கைக்கோள் பார்த்துக்கொண்டிருக்கிறது" என்ற பரவலான எண்ணம் சரியல்ல. வண்டி தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டு, சாதாரண மொபைல் நெட்வொர்க் வழியாகச் சர்வருக்குச் சொல்கிறது.

பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கலந்துவந்த பிழை 2000 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் 100 மீட்டர் வரை தவறு வரலாம் என்ற நிலை. பஸ் பக்கத்துத் தெருவில் ஓடுவதாகக்கூடத் தெரிந்திருக்கும். இன்று திறந்த வெளியில் சில மீட்டர்களுக்குள் இடம் தெரிகிறது. ரஷ்யாவின் கிளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ, இந்தியாவின் நாவிக் என்று மற்ற அமைப்புகளின் சிக்னல்களையும் சேர்த்துக் கேட்கும் கருவிகள் வந்துவிட்டன. ஒரே நேரத்தில் அதிகச் செயற்கைக்கோள்கள் கண்ணில் பட்டால் பிழை குறையும்.

ஆனால் பஸ் திறந்த வெளியில் ஓடுவதில்லை. உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஓடும்போது சிக்னல் நேராக வராமல் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. சுற்றிவந்த தூரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதால் வண்டி அடுத்த தெருவில் நிற்பதாகத் தெரியும். சுரங்கப் பாதையில் சிக்னலே கிடையாது. மேம்பாலமும் அதன் கீழே உள்ள சாலையும் வரைபடத்தில் ஒரே கோடு. உயரத்தைக் கணிப்பதில் ஜிபிஎஸ் இன்னும் பலவீனம் என்பதால் வண்டி மேலே போகிறதா கீழே போகிறதா என்பதை அந்தப் புள்ளியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இதைச் சரிசெய்ய நல்ல வழிகள் உண்டு. லண்டன் நகரம் தன் ஏறத்தாழ 8,000 பஸ்களிலும் பொருத்திய ஐபஸ் அமைப்பு 2009 வாக்கில் முழுமை பெற்றது. அதில் ஜிபிஎஸ்ஸோடு சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்ற கணக்கும், வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்லும் கைரோஸ்கோப்பும் சேர்ந்தே வேலை செய்கின்றன. சிக்னல் போனாலும் கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசையில் போயிருக்கிறது என்று கணக்குத் தொடரும். பஸ்ஸுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. காரைப் போல நினைத்த தெருவில் அது திரும்பாது. ரூட் முன்கூட்டியே தெரியும் என்பதால், சாலைக்கு வெளியே விழுந்த புள்ளியை ரூட்டின் கோட்டுக்கு இழுத்து ஒட்டிவிடலாம். அதற்குப் பிறகு சர்வருக்கு அட்சரேகை, தீர்க்கரேகை முக்கியமில்லை. "இந்த ரூட்டில் தொடக்கத்திலிருந்து 6.4 கி.மீ." என்ற ஒற்றை அளவு போதும்.

கருவிக்கும் சர்வருக்கும் இடையிலும் சில சங்கடங்கள். பெரும்பாலான கருவிகள் 10 முதல் 30 விநாடிக்கு ஒருமுறை இடத்தை அனுப்புகின்றன. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் 30 விநாடிக்குள் பஸ் 250 மீட்டர் போய்விடும். அதாவது திரையில் நிறுத்தத்துக்கு முன்னால் இருப்பதாகக் காட்டும் வண்டி உண்மையில் நிறுத்தத்தைத் தாண்டியிருக்கலாம். சில செயலிகளில் பஸ் படம் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஊகித்து வரைந்த அசைவு. நெட்வொர்க் இல்லாத பகுதியில் கருவி புள்ளிகளைச் சேமித்து வைத்து, இணைப்பு கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். சர்வர் ஒவ்வொரு புள்ளியின் நேர முத்திரையையும் பார்க்காமல் வந்த வரிசையிலேயே எடுத்துக்கொண்டால், பஸ் திடீரென்று பின்னால் குதித்ததாகக் காட்டும். காலையில் டிப்போவில் வண்டியைக் கிளப்பிய உடனே இடம் கிடைக்காததற்கும் காரணம் உண்டு. செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை விநாடிக்கு 50 பிட் என்ற மிக மெதுவான வேகத்தில்தான் அனுப்புகிறது. நீண்ட நேரம் அணைந்திருந்த கருவி அதை முழுசாகக் கேட்டு முடிக்க ஏறத்தாழ அரை நிமிடம் வேண்டும்.

சரி, வண்டி எங்கே என்று தெரிந்துவிட்டது. இரண்டாவது கேள்வி இங்கேதான் தொடங்குகிறது, என் பார்வையில் மொத்த அமைப்பின் மிகப் பலவீனமான கண்ணியும் இதுதான். கருவிக்குத் தெரிந்தது வண்டியின் எண் மட்டுமே. பயணிக்கு வேண்டியது ரூட் எண்ணும் திசையும். இந்த இரண்டையும் இணைக்கும் தகவல் எந்தச் செயற்கைக்கோளிலிருந்தும் வருவதில்லை, டிப்போவில் உட்கார்ந்து பணி ஒதுக்கும் மனிதரிடமிருந்துதான் வருகிறது. இன்று காலை 7:10 நடைக்கு எந்த வண்டி, எந்த டிரைவர் என்று அவர் கணினியில் பதிந்தால் சர்வருக்குத் தெரியும். அந்த வண்டி பிரேக் பழுதாகி, அவசரத்தில் வேறு வண்டியை எடுத்துக்கொண்டு போனால்? மாற்றத்தை யாராவது பதிந்தாக வேண்டும். பதியாவிட்டால் பழுதான வண்டி டிப்போவில் நிற்கும். சர்வர் அதை 7:10 நடை என்றே நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் ஓடும் வண்டியோ எந்த ரூட்டிலும் இல்லாத புள்ளியாகத் திரையிலிருந்து மறைந்துவிடும்.

வராத பஸ் வருவதாகக் காட்டுவதும் பெரும்பாலும் இதே இடத்தில் பிறக்கிறது. நேரலைத் தகவல் கிடைக்காத நடைக்குப் பல செயலிகள் அட்டவணை நேரத்தையே எடுத்துப் போட்டுவிடுகின்றன. ஆள் பற்றாக்குறையால் ரத்தான நடையை ரத்து என்று யாரும் பதியவில்லை என்றால், அது திரையில் 5 நிமிடம், 3 நிமிடம், 1 நிமிடம் என்று நெருங்கி வந்து, ஓசையில்லாமல் காணாமல் போகும். மழையில் நிற்பவருக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை. தகவலே இல்லாத நிறுத்தத்தில் அவர் ஆட்டோவோ வேறு வழியோ பார்த்துப் போயிருப்பார். இந்தத் திரை அவரை நம்பவைத்து நிறுத்திவிடுகிறது. அட்டவணை நேரத்தையும் உண்மையில் கண்காணிக்கப்படும் நேரத்தையும் ஒரே நிறத்தில், ஒரே எழுத்தில் காட்டுவது தவறு என்றே நான் சொல்வேன். இரண்டையும் பிரித்துக் காட்டுவது மிக எளிய வேலை. அதைச் செய்யாததற்குத் தொழில்நுட்பத்தில் எந்தக் காரணமும் இல்லை.

ஒதுக்கீட்டுப் பதிவு சரியாக வராத இடங்களில் மென்பொருள் தானே ஊகிக்க முயல்கிறது. இந்த வண்டி கடந்த அரை மணி நேரமாக எந்தெந்த நிறுத்தங்களைத் தாண்டியது, எந்த டெர்மினஸிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று பார்த்து, எந்த நடைக்குப் பொருந்துகிறது என்று தேடும். பல ரூட்டுகள் ஒரே சாலையில் ஓடி, கடைசியில் பிரியும் இடங்களில் இது தடுமாறும். பிரியும் இடம் வரும்வரை ஊகம் சரியா தவறா என்று தெரியாது, ஆனால் பயணி அதற்கு முன்பே ஏறியாக வேண்டும். டிப்போ ஊழியர் எளிதாகப் பதிய ஒரு நல்ல திரை, டிரைவர் வண்டியில் ஏறியதும் தட்டும் ஒரு பொத்தான், மாற்றம் வந்தால் அதை உடனே பதிவது தன் பொறுப்பு என்று அறிந்த ஒருவர், இவை விலையுயர்ந்த கருவிகளைவிட அதிகப் பலன் தரும்.

மூன்றாவது கேள்வி வருகை நேரக் கணிப்பு. மீதித் தூரத்தை இப்போதைய வேகத்தால் வகுப்பது முதலில் தோன்றும் வழி, அது உதவாது. சிவப்பு விளக்கில் நிற்கும் பஸ்ஸின் வேகம் பூஜ்யம், அப்படியானால் அது வரவே வராது என்றாகும். ஆகவே ரூட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் கடக்க வழக்கமாக எவ்வளவு நேரமாகிறது என்பதைக் கிழமை வாரியாகவும் மணி வாரியாகவும் பழைய பதிவுகளிலிருந்து எடுப்பார்கள். அதோடு சற்று முன்பு அதே துண்டைக் கடந்த பஸ் எவ்வளவு நேரம் எடுத்தது என்பதையும் கலப்பார்கள். முன்னால் போன வண்டி 4 நிமிடத்துக்குப் பதில் 9 நிமிடம் எடுத்திருந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். பழைய சராசரியையும் புதிய செய்தியையும் எந்த அளவில் கலப்பது என்பதற்கு 1960-இல் ருடால்ஃப் கால்மன் என்ற பொறியாளர் தந்த, கால்மன் வடிகட்டி எனப்படும் கணக்கு முறை இன்றும் பயன்படுகிறது. அப்புறம் பழைய பதிவுகளிலிருந்து கணினி தானே கற்றுக்கொள்ளும் இயந்திரக் கற்றல் முறைகளும் வந்திருக்கின்றன. பதிவுகள் சுத்தமாக இருந்தால் அவை நன்றாகவே வேலை செய்யும்.

எந்த முறையானாலும் திணறும் இடம் ஒன்று உண்டு, டெர்மினஸ். அங்கே நிற்கும் பஸ்ஸின் இடம் சென்டிமீட்டர் சுத்தமாகத் தெரிந்தாலும் அது எப்போது கிளம்பும் என்பது தெரியாது. டிரைவர் சாப்பிடப் போயிருக்கலாம், பணி மாறும் நேரமாக இருக்கலாம். ரூட்டின் முதல் சில நிறுத்தங்களில் கணிப்பு எப்போதும் மோசமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. இங்கே உதவக்கூடியது பணி அட்டவணையும் ஓய்வு நேரக் கணக்கும்தான், இன்னும் நுட்பமான ஜிபிஎஸ் கருவி அல்ல.

கணிப்பில் பிழை இருக்கத்தான் செய்யும். ஆனால் இரண்டு பக்கப் பிழையும் சமமல்ல. 8 நிமிடம் என்று சொன்ன பஸ் 10 நிமிடத்தில் வந்தால் பயணிக்கு 2 நிமிட இழப்பு. அதே பஸ் 6 நிமிடத்தில் வந்துவிட்டால், நேரம் பார்த்து வீட்டிலிருந்து கிளம்பியவர் அதைத் தவறவிடுவார். அவருடைய இழப்பு அடுத்த பஸ் வரும்வரை, அது 20 நிமிடமாகவோ ஒரு மணி நேரமாகவோ இருக்கலாம். பிழையின் சராசரி பூஜ்யம் என்று மென்பொருள் நிறுவனம் காட்டும் அறிக்கை இந்த வேறுபாட்டை மறைத்துவிடும். பஸ் அடிக்கடி வராத ரூட்டுகளில் கணிப்பு சற்று முன்கூட்டியே வரச்சொல்லும் பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும்.

இவ்வளவு சிரமத்துக்கும் பலன் இருக்கிறதா? இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் ஒன்பஸ்அவே என்ற செயலியை வைத்து நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. நேரலைத் தகவல் இல்லாதவர்கள் தாங்கள் காத்திருந்ததாக உணரும் நேரம், உண்மையில் காத்திருந்த நேரத்தைவிட அதிகமாக இருந்தது. செயலி வைத்திருந்தவர்களிடம் அந்த மிகை இல்லை. வழக்கமாக எவ்வளவு காத்திருப்பீர்கள் என்று கேட்டபோது முன்னவர்கள் சராசரியாக 9.9 நிமிடம் என்றார்கள், செயலிக்காரர்கள் 7.5 நிமிடம் என்றார்கள். உண்மையான காத்திருப்பும் கிட்டத்தட்ட 2 நிமிடம் குறைந்தது. எப்போது வரும் என்று தெரியாத ஐந்து நிமிடமும், தெரிந்த ஐந்து நிமிடமும் மனதுக்கு ஒன்றல்ல என்பதை யாரும் உணர்ந்திருப்பார்கள். இரவில் தனியாக நிற்பவர்களுக்கு அது பாதுகாப்பின் கேள்வியும்கூட. நியூயார்க்கில் படிப்படியாக இந்த வசதி வந்த காலத்தை ஆராய்ந்தவர்கள், வார நாட்களில் பஸ் பயணிகளின் எண்ணிக்கை ரூட்டுக்குச் சராசரியாக 1.7 சதவீதம் கூடியதாக 2015-இல் எழுதினார்கள். சிறிய எண்தான். ஒரு பஸ்கூடக் கூடுதலாக விடாமல் கிடைத்தது என்பதை நினைவில் வைத்தால் அது சிறிதாகத் தோன்றாது.

ஆனாலும் பயணியின் செயலியோடு இந்தத் தகவலின் வேலை முடிந்துவிடுவதாக நினைப்பதுதான் பெரிய விரயம். இதன் முழுப் பயன் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறது. அரை மணி நேரம் ஒன்றும் வராமல், பிறகு ஒரே எண்ணில் இரண்டு மூன்று பஸ் சேர்ந்து வருவதைப் பார்க்காத பயணி இருக்க மாட்டார். டிரைவர்கள் பேசிவைத்து ஓட்டுகிறார்கள் என்று கோபப்படுவார்கள். உண்மையில் யார் தவறும் இல்லாமலே அது நடக்கும். ஒரு பஸ் ஏதோ காரணத்தால் கொஞ்சம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் கூடுதல் ஆட்கள் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் ஏறக் கூடுதல் நேரமாகும், தாமதம் இன்னும் வளரும். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற ஆளே இருக்காது, அது விரைந்து வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். கோர்டன் நியூவெல், ரென்ஃப்ரே பாட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1964-இலேயே இதைக் கணித முறையில் விளக்கிவிட்டார்கள். பஸ்களை அப்படியே விட்டால் இடைவெளி கெடுவதுதான் இயல்பு, சீராக இருப்பதற்குத்தான் யாராவது வேலை செய்ய வேண்டும்.

இதன் விலையைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் சீராக வந்தால், நேரம் பார்க்காமல் வருபவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். அதே பஸ்கள் 18 நிமிடம், 2 நிமிடம் என்று மாறி மாறி வந்தால்? பத்தில் ஒன்பது பேர் அந்த 18 நிமிட இடைவெளியில்தான் வந்து நிற்பார்கள், அவர்களுடைய சராசரிக் காத்திருப்பு 9 நிமிடம். அதிர்ஷ்டமுள்ள ஒருவருக்கு 1 நிமிடம். எல்லாரையும் சேர்த்தால் சராசரி 8.2 நிமிடம். பஸ் எண்ணிக்கை அதேதான், டீசல் அதேதான், ஊழியர்களும் அதே பேர்தான். அட்டவணையில் "10 நிமிடத்துக்கு ஒன்று" என்று எழுதியிருப்பதும் பொய்யாகாது. நிற்கும் மக்களின் நேரம் மட்டும் வீணாகிறது. நெரிசலும் அப்படித்தான். முதல் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குவார்கள், இரண்டாவதில் இருக்கைகள் காலியாக இருக்கும்.

எல்லா வண்டிகளின் இடமும் தெரிந்த கட்டுப்பாட்டு அறையால் இதைத் தடுக்க முடியும். நெருங்கிவரும் பின்வண்டியை ஒரு நிறுத்தத்தில் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ நிறுத்திவைக்கலாம். மிகவும் பின்தங்கிய வண்டியைக் கடைசிவரை விடாமல் நடுவிலேயே திருப்பிவிடலாம். தாமதமான பஸ் வரும்போது மட்டும் பச்சை விளக்கைச் சில விநாடி நீட்டச் சொல்லலாம். அட்டவணை நேரத்தைத் துரத்துவதைவிட முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் உள்ள இடைவெளியைக் காப்பது நல்லது என்பதைப் போக்குவரத்து ஆய்வாளர் கார்லோஸ் டகன்சோ 2009-இல் விரிவாகக் காட்டினார். அடிக்கடி பஸ் ஓடும் ரூட்டில் பயணி அட்டவணையைப் பார்ப்பதே இல்லை என்பதால் அதுதான் பொருத்தமும்கூட. நிறுத்திவைப்பதை உள்ளே இருப்பவர்கள் விரும்ப மாட்டார்கள். அதனால் ஒரே இடத்தில் 5 நிமிடம் நிறுத்துவதைவிடப் பல இடங்களில் சிறிது சிறிதாக நிறுத்துவதே தாங்கக்கூடியது. ஏன் நிற்கிறது என்று வண்டிக்குள் ஒரு வரி அறிவித்தால் பாதிக் கோபம் அடங்கும்.

இதே தகவல் டிரைவர்மீது சாட்டையாகவும் மாறலாம், பல இடங்களில் அதற்கு மட்டுமே பயன்படுகிறது. கட்டடத்தில் பட்டுத் திரும்பிய சிக்னலால் ஒரு புள்ளி தாவியதை வைத்து "வேகமாக ஓட்டினாய்" என்று மெமோ கொடுப்பதும், சாலையில் நடக்கவே முடியாத ஓட்ட நேரத்தை அட்டவணையில் எழுதிவைத்துவிட்டுத் தாமதத்துக்கு விளக்கம் கேட்பதும் அநியாயம். தண்டனைக்குப் பயந்தவர் நிறுத்தத்தில் நிற்காமல் ஓட்டுவார், அல்லது கருவியின் ஒயரைப் பிடுங்குவார். முன்வண்டி எத்தனை நிமிடம் முன்னால், பின்வண்டி எத்தனை நிமிடம் பின்னால் என்று டிரைவருக்கும் ஒரு திரையில் காட்டினால், அவரே பாதி வேலையைச் சரிசெய்துவிடுவார். ஓட்டுகிறவருக்குத் தன் வண்டியைப் பற்றி மேலதிகாரியைவிடக் குறைவாகத் தெரிந்திருப்பது எந்த வகையிலும் முறையல்ல.

தகவலைப் பொதுவில் வைப்பதில் உலகம் ஓரளவு ஒத்துப்போயிருக்கிறது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் 2005-இல் உருவாக்கிய ஜிடிஎஃப்எஸ் என்ற வடிவம் அட்டவணைகளுக்கானது. அதன் நேரலை வடிவம் 2011-இல் வந்தது. வண்டி இருக்கும் இடம், நடைகளின் தாமதம், சேவை அறிவிப்பு என மூன்று வகைச் செய்தி அதில் உண்டு. தகவலை 30 விநாடிக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும், வண்டியின் இடம் 90 விநாடிக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பது அதன் பரிந்துரை. இந்த வடிவில் வெளியிட்டால் எந்தச் செயலியும் அதை எடுத்துக்கொள்ளலாம், ஒரே ஒப்பந்ததாரரின் செயலியை நம்பிக் கிடக்க வேண்டியதில்லை. பார்வையற்றோருக்கான செயலியை யாரோ ஒரு மாணவர்கூட எழுதிவிட முடியும். ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு நிறுத்தத்தில் ஒரு பலகையும், நிறுத்த எண்ணை அனுப்பினால் பதில் தரும் குறுஞ்செய்தியும் வேண்டும். பஸ்ஸை அதிகம் நம்பியிருப்பவர்கள் அவர்கள்தான்.

பராமரிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் திட்டங்கள் பெரும்பாலும் திறப்பு விழாவுக்கு இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் சாகின்றன. ஆன்டெனா ஒயர் அறுந்திருக்கும், சிம் காலாவதியாகியிருக்கும், பழைய தலைமுறை மொபைல் நெட்வொர்க்கை மூடிவிட்டிருப்பார்கள். ஜிபிஎஸ் வாரங்களை எண்ணும் பழைய முறையில் 1,024 வாரத்துக்கு ஒருமுறை எண் பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியபோது, புதுப்பிக்கப்படாத சில பழைய கருவிகள் பல வருடங்களுக்கு முந்தைய தேதியைக் காட்டின. அடுத்தது 2038 நவம்பரில். சாலைப் பணிக்காக ரூட் மாறியதும், நிறுத்தம் 100 மீட்டர் தள்ளிப் போனதும் சர்வரில் அன்றைக்கே மாற வேண்டும். பத்துக் கருவி வேலை செய்யாமல் போனால் பத்து பஸ் திரையிலிருந்து மறையும், பயணி அவற்றை ஓடாத பஸ்களாகவே எடுத்துக்கொள்வார்.

ஆகவே இத்தகைய அமைப்பை வாங்கும் எந்தப் போக்குவரத்து நிறுவனமும் ஒப்பந்தத்தில் "எத்தனை வண்டிகளில் கருவி பொருத்தப்பட்டது" என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. இன்று ஓடிய நடைகளில் எத்தனை சதவீதம் சரியான ரூட் எண்ணோடு திரையில் வந்தன, ரத்தான நடைகளில் எத்தனை ரத்து என்று காட்டப்பட்டன, 10 நிமிடம் என்று சொன்னபோது பஸ் எத்தனை நிமிடத்தில் வந்தது, சொன்னதற்கு முன்பே போய்விட்ட பஸ்கள் எத்தனை, இந்த நான்கையும் ஒவ்வொரு மாதமும் ரூட் வாரியாக வெளியிடச் சொல்ல வேண்டும். இவற்றைக் கணக்கிடத் தேவையான பதிவுகள் அந்தச் சர்வரிலேயே கிடக்கின்றன.